மறுப்புகளின் கூட்டம்

கணிதத்தில் முதுகலை பயின்ற அண்ணன் தம்பிகளான எங்களுக்கு அருப்புக்கோட்டையில் வாய்த்தது டியூஷன் சொல்லிக்கொடுக்கும் வேலை. பூலியன் இயற்கணிதத்தில் 'ஐடியல்' வந்ததும் மாணவர்கள் அதை இலட்சியம் என்று தமிழ்ப்படுத்திவிடுவார்கள். கும்மரின் 'ஐடியல் எண்'களை நினைவில் வைத்து 1871இல் டெடகிண்ட் இட்ட பெயர் அது. தர்க்கத்துக்குள் வரும்போது, மறுக்கப்பட்ட கூற்றுகளின் கூட்டம் என்று கொள்வதே எங்களுக்கு உவப்பானது.

விதிகள் எளியவை. மழை பெய்தது என்பதை மறுத்தவர் கனமழை பெய்தது என்பதையும் மறுத்தாக வேண்டும். காலையில் பெய்ததையும் மாலையில் பெய்ததையும் தனித்தனியே மறுத்தவர், 'காலையிலோ மாலையிலோ பெய்தது' என்பதை ஏற்க இயலாது. எல்லாவற்றையும் மறுத்துவிடவும் கூடாது. இவற்றுள் பகா ஐடியல் என்பது கறாரானது: பூலியன் உலகில் ஒரு கூற்றையோ அதன் எதிர்மறையையோ, இரண்டில் ஒன்றை மட்டும், அது மறுத்தே தீரும். இந்தப் பகா ஐடியல்களைக் கொண்டே, பூலியன் இயற்கணிதம் எதுவாயினும் கணங்களின் இயற்கணிதமாக எழுதிவிடலாம் என்று 1936இல் மார்ஷல் ஸ்டோன் நிறுவினார். அமெரிக்கரான அவர் காலமானது 1989இல், நம்முடைய சென்னையில்.

தர்க்கத்துக்கு மதுரையும் ஒருவரைத் தந்திருக்கிறது. அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் அங்கே பிறந்து, ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். 'இதுவோ அதுவோ' என்பதை மறுத்தால் 'இதுவுமில்லை, அதுவுமில்லை' என்றாகும் என்ற விதி அவர் பெயரால் வழங்குகிறது. பின்வந்தோர் அவ்விதியைக் காத்து, 'உண்டு அல்லது இல்லை' என்ற கட்டாயத்தைக் கைவிட்டு அமைத்ததே டி மார்கன் இயற்கணிதம். அங்கே ஒரு பகா ஐடியல் கூற்றையும் எதிர்மறையையும் சேர்த்தே மறுக்கலாம்; இரண்டையும் மறுக்காமலும் விடலாம். பூலியன் கண்ணுக்கு இது ஒழுங்கீனம். கரிசல்காட்டுக்காரர்களான எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

புரட்டாசித் தூறல் ஒன்று ஓய்ந்த மறுநாள், திருச்சுழிப் பக்கத்துப் புஞ்சையில் அப்பா மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டிப் பார்த்தார். கடன் வாங்கிய பணத்தில் மக்காச்சோள விதை வந்து இறங்கியிருந்தது. அரைகுறை ஈரத்தில் விதைத்தால் முளைத்துக் கருகும். காத்திருந்தால் பட்டம் தப்பிப்போகும். விதைக்கலாமா என்று கேட்டோம்.

"மழைன்னும் சொல்ல முடியாதுப்பா, இல்லேன்னும் சொல்ல முடியாது" என்றார்.

மேற்குப் பாதியை மட்டும் விதைத்தார். மீதி விதை மூட்டை இன்னமும் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது.