மீட்டரும் சார்பும்

ஜீவனஹள்ளியில், ரயில் பாதைக்கு அருகிலுள்ள வீடொன்றின் மாடியில், மாலை வேளைகளில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் குடியிருக்கிறார். கீழ்வீட்டில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் குடும்பம். அவர் மகள் பட்டப்படிப்பின் முதலாண்டில், நுண்கணிதத்தின் முதல் உள்தேர்வில் தோற்றிருந்தாள். கணிதத்தை விட்டு வேறு பாடத்துக்கு மாறுவதற்கான விண்ணப்பத்தையும் நிரப்பிப் பையில் வைத்திருந்தாள்.

விடைத்தாளைப் புரட்டிய ஆசிரியை ஓரிடத்தில் நின்றார். இடைவெளிக்கு ஒன்றாக இரண்டு சூத்திரங்களால் வரையறுக்கப்பட்ட சார்பைக் குறித்த வினா அது. “இது ஒரு சார்பு அன்று, இரண்டு சார்புகள்” என்று எழுதியிருந்தாள்.

தவறான விடைதான். ஆனால் அந்தத் தவற்றுக்கு நல்ல வம்சாவளி உண்டு. 1748இல் வெளிவந்த நூலில் ஆய்லர், மாறியையும் மாறிலிகளையும் கொண்டு அமைந்த கோவையையே சார்பு என்றார். வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு விதிகளால் அமைந்த வளைவரையை, உடையாமல் சென்றாலும், ‘தொடர்ச்சியற்றது’ என்றே அக்காலத்தில் அழைத்தனர். அதிரும் நாணைப் பற்றி தலம்பேரோடு நிகழ்ந்த வாதம் இந்த எல்லையைத் தளர்த்தியது; 1755இல் ஒரு கணியம் மற்றொன்றைச் சார்ந்து அமைவதே போதும் என்னுமளவுக்கு ஆய்லரே வந்து சேர்ந்தார். 1837இல் டிரிக்லே, ஒவ்வொரு x மதிப்புக்கும் ஒரேயொரு y மதிப்பு கிடைத்தால் போதும், எல்லா இடத்திலும் ஒரே விதி வேண்டியதில்லை என்றார். ஐரோப்பா ஏறக்குறைய 90 ஆண்டுகளில் கடந்த தொலைவை மாணவர்கள் ஒரே வகுப்பில் கடந்துவிட வேண்டும் என்று பாடத்திட்டம் எதிர்பார்க்கிறது!

ஆசிரியை ஆய்லரைப் பற்றிப் பேசவில்லை. “அப்பா மீட்டர் போட்டால் எவ்வளவு?” என்று கேட்டார்.

2025 ஆகஸ்ட் முதல் பெங்களூரில் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய். அதன்பின் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். x கிலோமீட்டர் சென்றால், 2 வரை 36. 2ஐத் தாண்டினால் 36 + 18(x − 2).

“இது இரண்டு கட்டணமா, ஒரு கட்டணமா?”

“ஒண்ணுதான் மிஸ்.”

“சூத்திரம்?”

“ரெண்டு.” சற்றே நிறுத்தி, “ஆனா 3 கிலோமீட்டர்னா 54தான். வேற எதுவும் வராது” என்றாள்.

தமிழ்ப் பாடநூல்களின் ‘சார்பு’ அழகான சொல். சார்ந்திருத்தலை நேரடியாகச் சொல்கிறது. ஆயினும் ஓர் இடத்தில் ஏமாற்றும். முதல் 2 கிலோமீட்டரில் தொலைவு மாறினாலும் கட்டணம் மாறுவதில்லை. சாராதிருப்பதும் சார்புதான்! 36 ரூபாய் கொடுத்தவர் எவ்வளவு தொலைவு வந்தார் என்று திரும்பிக் கேட்டால் விடை கிடைக்காது. ஆகவே நேர்மாறு சார்பு இல்லை.

வண்டியை நிறுத்திவிட்டு மகளை அழைக்க வந்த தந்தை வாசலில் நின்றே குறுக்கிட்டார். “அது சரி மேடம், லிங்கராஜபுரம் வரைக்கும் தினம் ஒரே தூரம்தான். சிக்னல்ல மாட்டினா வெயிட்டிங் ஏறும். ராத்திரி பத்து மணிக்கு மேல ஒன்றரை மடங்கு. அப்போ 3 கிலோமீட்டருக்கு 54ன்னு எப்படிச் சொல்வீங்க?”

ஆசிரியை சிரித்துவிட்டார். அன்றைய பாடத்தில் இல்லாத, ஆனால் மிகச் சரியான வினா. ஒரே தொலைவுக்குப் பகலில் 54, இரவில் 81 என்றால், கட்டணம் தொலைவின் சார்பாக மட்டும் இருக்க முடியாது. காத்திருந்த நேரமும் கடிகாரமும் உள்ளீட்டில் சேர வேண்டும். எதை உள்ளே இடுகிறோம் என்று சொல்லாமல் சார்பைப் பற்றிப் பேசவே இயலாது. மதிப்பகத்தை மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்கு அது ஏன் தேவை என்று எவரும் சொல்வதில்லை. (பேரம் பேசி வாங்கும் கட்டணம் எதன் சார்பு என்று ஆசிரியை கேட்கவில்லை.)

பிறகு மகள் வரைபடம் வரைந்தாள்: கிடைக்கோடு, 2இல் ஒரு முனை, அங்கிருந்து ஏறுகோடு. எங்கும் உடையவில்லை.

“சரியாக 2இல் சாய்வு என்ன?”

“இந்தப் பக்கம் 0. அந்தப் பக்கம் 18.” பென்சில் அந்த முனையிலேயே நின்றது. “ரெண்டுல எதைச் சொல்றது?”

“எதையும் சொல்ல முடியாது. தொடர்ச்சி உண்டு; வகையிட முடியாது.”

“மீட்டர் இப்படிச் சாய்வா ஏறாதும்மா, குதிச்சுக் குதிச்சுத்தான் ஏறும்” என்றார் தந்தை.

அவள் கோட்டைப் பார்த்தாள். அழிப்பானை எடுத்து, ஏறுகோட்டை அழித்துவிட்டுச் சிறு சிறு படிகளாக வரையத் தொடங்கினாள். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் எந்தப் புள்ளியை நிரப்புவது, எதைத் திறந்து விடுவது என்பதில் தந்தைக்கும் மகளுக்கும் வாக்குவாதம் வந்தது. விண்ணப்பத்தைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை.