உறங்கிய நீர்

மனிதனுக்கு அமுதாகும் நீர் மீனுக்கு நஞ்சாகக்கூடும். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போர் இவ்வுண்மையை விரைவிலேயே அறிந்துகொள்வர். திருப்பதியில் என் இல்லத்துக் கூடத்திலும் அத்தகைய தொட்டி ஒன்று உண்டு, இரண்டடி நீளம், ஏறத்தாழ 60 லிட்டர் நீர் கொள்வது. சென்னைக் கொளத்தூரின் வண்ண மீன் கடைகளிலிருந்து வந்த கப்பிகளும் மோலிகளும் அதில் வாழ்கின்றன. ஓர் ஊர் நீரில் பழகி, மற்றோர் ஊர் நீரில் குடியேறிய அவையும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவையே.

இந்நகரின் குடிநீர் கல்யாணி அணையிலிருந்தும் தெலுங்கு கங்கைத் திட்டத்தினின்றும் வருகிறது. சேஷாசல மலைக் காடுகளில் பெய்த மழையும், தொலைவில் ஓடும் கிருஷ்ணையின் நீரும் இவ்வூர்க் குழாய்களில் சந்திக்கின்றன. 1996 முதல் சென்னைக்குச் செல்லும் கிருஷ்ணை நீரும் இதே திட்டத்தைச் சேர்ந்ததுதான். வழியில் கிருமிகள் சேராதிருக்கக் குளோரின் கலந்தே நீரை விடுகின்றனர். அவ்வாறு கலந்த நீர் நம் வீட்டுக் குழாயை அடையும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினேனும் எஞ்சியிருக்க வேண்டுமென்பது இந்தியக் குடிநீர்த் தரவிதி. காலராவையும் டைஃபாய்டையும் நம் வாயிலில் தடுத்து நிறுத்தும் காவலன் அது.

சில ஆண்டுகளுக்கு முன், போகித் திருநாளன்று எங்கள் அண்டை வீட்டார் தம் மீன்தொட்டியையும் தூய்மை செய்தனர். பழைய நீர் முழுவதையும் கொட்டினர், கூழாங்கற்களையும் வடிகட்டும் பஞ்சையும் குழாயடியில் பளிச்செனக் கழுவினர், புதுநீர் நிரப்பினர். பொங்கல் காலையில் மீன்கள் யாவும் மிதந்தன. அவ்வீட்டுச் சிறுமி என்னிடம் ஓடிவந்து, "நாம குடிக்கிற தண்ணிதானே மாமா ஊத்தினோம்?" என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு விடை இரண்டு. நாம் பருகும் நீரிலுள்ள சிறிதளவு குளோரின் வாயிலும் வயிற்றிலும் உள்ள பொருள்களோடு வினைபுரிந்து வலுவிழந்துவிடும். மீனோ நீரைச் செவுள்களின் வழியே ஓயாது செலுத்தி மூச்சுவிடுவது. அச்செவுள்களின் மெல்லிய தோலைக் குளோரின் அரித்துவிடுகிறது. தொட்டி நிறைய நீர் இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது. இது முதல் விடை.

இரண்டாவது நுட்பமானது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. கற்களிலும் பஞ்சிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்க் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகி நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அழுக்கென்று கருதி நாம் தேய்த்துக் கழுவுவது பெரும்பாலும் அவ்வுயிர்களின் குடியிருப்பையே. குளோரின் நல்ல கிருமி, தீய கிருமி என்று வேறுபாடு பார்ப்பதில்லை.

ஆகவே, நீர் மாற்றுவதற்கு முறையுண்டு. வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் எடுக்க வேண்டும். என் தொட்டிக்கு அது 15 லிட்டர். பஞ்சை அலச வேண்டுமெனில், எடுத்த அப்பழைய நீரிலேயே அலசுதல் நன்று. புதுநீரை அகன்ற வாளியில் பிடித்து, 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் காற்றோடு பெரும்பாலும் கலந்துவிடும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பர்; மீனுக்கோ ஆறிய நீரே அமுது. விரைவு வேண்டுவோர்க்குச் சோடியம் தயோசல்ஃபேட் என்னும் உப்பு உண்டு. முன்னாளில் புகைப்படம் கழுவுவோர் 'ஹைப்போ' என்று வழங்கியது இதுவே. 10 லிட்டர் நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் இருப்பின், 35 மில்லிகிராம் உப்பு, அதாவது இரண்டு அரிசிமணியளவு, போதும். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் குளோரினுக்கு மாற்றாகக் குளோரமைன் சேர்க்கின்றனர். அஃது ஓரிரவில் அகலாது. அங்கு வாழும் நம்மவர் அதற்கென விற்கும் மருந்தையே நாட வேண்டும்.

சித்தூரில் வாழும் என் தமக்கைக்கு ஆழ்துளைக் கிணற்று நீரே துணை. அதில் குளோரின் இல்லை. ஆயினும் நிலத்தடியிலிருந்து வரும் நீரில் பிராணவாயு குறைவு. அவ்வீட்டிலும் நீர் ஓரிரவு வாளியில் உறங்கிய பின்னரே தொட்டிக்குள் செல்கிறது.

சித்தூர் என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழகம் வந்தது. வீட்டைவிட்டு நகராமலே மாநிலம் மாறிய குடும்பங்கள் அவை. பிழைப்பு நாடிப் பின்னர் வந்த நாமும் அவர்களோடு கலந்தோம். நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு பயில்கின்றனர், நன்றாகவே பேசுகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியது; வாழும் ஊரின் மொழி வாழ்வுக்குத் தேவை. எனினும், புதுநீர் வேண்டுமென்று பழைய நீரை அடியோடு கொட்டிய வீடுகளையும் காண்கிறேன். பாட்டி சொல்லும் கதை பேரனுக்கு விளங்குவதில்லை. பேரன் பேசுவது பாட்டிக்குப் புரிவதில்லை. வறுமையோ பகையோ இல்லாமலே இருவருக்கும் இடையில் ஒரு மூச்சுத் திணறல்.

மாற்றமே வேண்டாமென்று இருந்தாலும் தொட்டி கெடும். மாற்றாத நீரில் நைட்ரேட்டு நாளுக்கு நாள் ஏறும். மீன்கள் மெல்ல நலியும். எவ்வளவு மாற்றுவது, எவ்வளவு பொறுமையோடு மாற்றுவது என்பதே வினா. கால் பங்கு புதியது வரட்டும். அது வருமுன் ஓரிரவு ஆறட்டும். முக்கால் பங்கு பழையது அதனை வரவேற்கட்டும். நாள்தோறும் உணவு வேளையில் அரைமணி நேரமேனும் வீட்டில் தமிழ் பேசினால், அந்த முக்கால் பங்கு நம் இல்லங்களில் வற்றாது நிற்கும்.