கூட்டிப் பார்த்தா சரிதான், ஆனா...

டெக்னிக்கல் பதிவுன்னு ஓடிடாதீங்க மக்களே. கணக்கு ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் வெறும் கூட்டல்.

எங்க காரைக்கால்ல மெஷ்னா முதல்ல ஞாபகம் வர்றது மீன்வலைதான். கிளிஞ்சல்மேட்டில் யாரைக் கேட்டாலும் எந்த மீனுக்கு எவ்வளவு வலைக்கண் என்று சொல்வார்கள். கண் பெருசா இருந்தா சின்ன மீன் தப்பிச்சிடும். ஃபைனைட் எலிமெண்ட் அனாலிசிஸிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பாலமோ பாய்லரோ, அதைக் கம்ப்யூட்டரில் சின்னச் சின்ன எலிமெண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதி, சேர்த்துத் தீர்ப்பார்கள். துண்டு பெருசானால் எது தப்பிக்கிறது என்பதுதான் விஷயம்.

கடைசி வருஷ ப்ராஜெக்ட் செய்யும் பக்கத்துத் தெரு தம்பி ஒருவன் லேப்டாப்போடு வந்தான். "அண்ணே, சப்போர்ட்ல வர்ற ரியாக்‌ஷனை எல்லாம் கூட்டினா நான் குடுத்த லோடு அப்படியே வருது. அப்ப மெஷ் போதும்தானே?"

போதாது. லோடைக் கொடுத்துத் தீர்க்கும்போது கூட்டுத்தொகை எந்த மெஷ்ஷிலும் சரியாகத்தான் வரும். எத்தனை மட்டமான மெஷ்ஷாக இருந்தாலும் சமநிலையை மீறாது. தப்பு நடப்பது பங்கு பிரிப்பதில்.

ஒரு நீளமான பீம், ரெண்டு சம ஸ்பான், மூணு சப்போர்ட். ஸ்பானுக்கு 100 டன் சீராகப் பரவியிருக்கிறது. புத்தகக் கணக்குப்படி ஓரங்களில் தலா 37.5, நடுவில் 125. இதையே ஸ்பானுக்கு ஒரே ஒரு நாலுமூலை எலிமெண்ட் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு எலிமெண்டும் தன் 100 டன்னை ரெண்டு முனைக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்துவிட்டுக் கம்முனு நிற்கும், வளையவே வளையாது. விடை 50, 100, 50. ரெண்டையும் கூட்டுங்க, 200 டன்தான்! நடுத்தூணை 100 டன்னுக்குக் கட்டியவர் மேல் 25 டன் கூடுதலாக உட்காரும்.

லோடுக்குப் பதில் "இங்கே 5 மில்லிமீட்டர் அமுக்கு" என்று கொடுத்தால் கதை வேறு. அப்போது மொத்த ரியாக்‌ஷனே மாறும். பெரிய எலிமெண்ட் பொதுவாக நிஜத்தைவிட விறைப்பு, அதனால் ரியாக்‌ஷன் ஜாஸ்தியாகக் காட்டும். பொடிசாக்க ஆக்கக் குறைந்து ஓரிடத்தில் நிலைக்கும்.

இதெல்லாம் லேப்டாப் சமாச்சாரம் இல்லை. ஓஎன்ஜிசி இருப்பதால் எங்க ஊர் டீக்கடையில்கூட ரிக், பிளாட்ஃபார்ம் எல்லாம் பழகிய சொற்கள். அப்படியொரு பிளாட்ஃபார்ம்தான் நார்வேயின் ஸ்லைப்னர் ஏ. 1991 ஆகஸ்ட் 23-ல் அதன் கான்க்ரீட் அடித்தளத்தை ஸ்டவாங்கர் அருகே கடலுக்குள் இறக்கிச் சோதித்தபோது உள்சுவர் உடைந்து முழுசும் மூழ்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். அந்தச் சுவரை இரு முனையிலும் பிடித்த ஒரு பீம் மாதிரி நினைச்சுக்குங்க. முனையில் வரும் ஷியரும் ஒருவகை ரியாக்‌ஷன்தான். பெரிய, கோணலான எலிமெண்டுகள் அதை 47 சதவீதம் குறைத்துக் காட்டிவிட்டன. கம்பி கட்டிய விதமும் போதவில்லை. பிறகு நுணுக்கமாகக் கணக்குப் போட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில்!

தம்பியிடம் சொன்னது இவ்வளவுதான்: எலிமெண்ட் அளவைப் பாதியாக்கு, திரும்பப் பாதியாக்கு, ஒவ்வொரு சப்போர்ட்டையும் தனித்தனியா எழுது. எண் அசையாம நின்னா நிறுத்து. கூர்மூலையில் வரும் ஸ்ட்ரெஸ்ஸை மட்டும் இப்படித் துரத்தாதே, பொடிசாக்க ஆக்க ஏறிக்கிட்டேதான் போகும். ராத்திரி பூரா லேப்டாப் ஓடும், கரண்ட் பில்தான் மிச்சம் :-)