மாட்டுக்கொட்டகையில் ஒரு மரப்பட்டறை

சும்மா கிடந்த மாட்டுக்கொட்டகை இப்போது என் மரப்பட்டறை. ஒட்டன்சத்திரத்தில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அதனால் மேற்கிலும் கிழக்கிலும் ஜன்னல், தூசு தங்காது. மரத்தூள் மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே சொல்லிவிட்டது. மாஸ்க் இல்லாமல் மெஷினைத் தொடாதீர்கள், ப்ளீஸ்.

மெஷினுக்கு 16 ஆம்ப்ஸ் பிளக், ஒழுங்கான எர்த் கட்டாயம். கருவிகளை மெதுவாக வாங்கலாம். முதல் செலவு வேலை மேஜைக்குத்தான்: வேப்பம்பலகை, இடுப்புயரம், உலுக்கினாலும் அசையக்கூடாது. ஆசாரி அண்ணன் சொன்னபடி, பலகைகளுக்கு நடுவே ரீப்பர் கொடுத்து அடுக்கி, நிழலில் காயவிட்டுத்தான் இழைத்தேன். பச்சையாக இழைத்தால் பின்னால் முறுக்கிக்கொள்ளும். இழைப்புளி ஓட ஓட, சுருள் சுருளாக விழும் சீவலில் வேம்பின் கசப்பு வாசம்... அப்படியொரு சுகம்!

அடுத்து மகளுக்குப் படிப்பு மேஜை. நல்ல பூவரசு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.