அப்பாவின் குளோசிங் ஸ்டாக்

பி.காம். படித்ததில் எனக்கு மிச்சம், எதைப் பார்த்தாலும் எண்ணிவிடும் வியாதி. போன வருஷம் பொங்கலுக்குப் பெருமுக்கல் போனபோது அப்பாவின் மாத்திரை டப்பாவை எண்ணித் தொலைத்தேன். எப்போதோ தீர்ந்திருக்க வேண்டிய அட்டோர்வாஸ்டாட்டின் நாலு அட்டை அப்படியே இருந்தது!

"என்னப்பா, ஸ்டாக் இடிக்குதே?"

"அத முழுங்குனா தொடை ரெண்டும் கடுக்குதுடா. பாதி மலைகூட ஏற முடியல. நிறுத்துனேன், விறுவிறுன்னு கோயில் வரைக்கும் ஏறிட்டேன்!"

சிவனைப் பார்க்க ஏறுகிறாரா, சிவனோடேயே தங்கிவிட உத்தேசமா? ஸ்டென்ட் வைத்த மனுஷர் ஐயா! அம்மா வேறு, "மாத்திரை எதுக்கு? பூண்டு வதக்கித் தரேன்" என்று சப்போர்ட்.

மறுநாளே திண்டிவனம். டாக்டர் திட்டவில்லை. ("திட்டினா அடுத்த தடவை மறைப்பாங்க சார்.") ரத்தம் எடுத்துப் பார்த்தார், டோஸைக் குறைத்தார், பிறகு வேறொரு ஸ்டாட்டினுக்கு மாற்றினார். கடுப்பு விடவில்லை. அப்புறம்தான் ஸ்டாட்டின் அல்லாத இரண்டு மாத்திரைகள்.

என் பாஷையில் சொல்கிறேன். கொலஸ்ட்ரால் ஈரலில் உற்பத்தியும் ஆகிறது, குடல் வழியே கொள்முதலும் ஆகிறது. எஸெட்டிமைப் மாத்திரை கொள்முதலில் கை வைக்கும். பெம்பெடோயிக் ஆசிட் உற்பத்தியில் கை வைக்கும். ஸ்டாட்டினும் அதைத்தானே செய்தது என்கிறீர்களா? இந்த மாத்திரையை ஒரு என்சைம் தட்டி எழுப்பினால்தான் வேலை செய்யும். அந்த என்சைம் ஈரலில் உண்டு, தசையில் கிடையாது. தொடை தப்பித்தது! ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாத கிட்டத்தட்ட 14,000 பேரிடம் இதைச் சோதித்து 2023-ல் முடிவு வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் மொத்தத்தில் 13 சதவிகிதம் குறைந்தனவாம். செலவுப் பக்கமும் உண்டு. யூரிக் ஆசிட் ஏறும், சிலருக்குக் கீல்வாதம் வரும். அதனால் அப்பாவின் கால் கட்டைவிரலைப் பற்றி டாக்டர் பத்துக் கேள்வி கேட்டார்.

இன்க்ளிசிரான் என்று ஓர் ஊசியும் இருக்கிறது. ஆரம்ப டோஸ்கள் முடிந்தால், ஆறு மாசத்துக்கு ஒன்று போதும். அப்பா ஆவலாகச் சட்டைக் கையை மடித்தார். விலையைக் கேட்டதும் இறக்கிவிட்டுக் கொண்டார்.

மூன்று மாசத்தில் எல்.டி.எல். 140-லிருந்து 84. டாக்டருக்கு 70-க்குக் கீழே வேண்டுமாம், விடுவதாக இல்லை. டப்பாவில் ஸ்டாக் சரியாக இருக்கிறது.

சந்தோஷத்தில் நானும் அப்பாவோடு மலை ஏறினேன். பாதியில் ஒரு பாறையில் உட்கார்ந்து நாய் மாதிரி இரைத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது:

"ஏண்டா, நீ எப்ப ரத்தம் குடுக்கப் போற?"