நேம் பிளேட் இல்லாத மிளகாய்

நம்ம மெஷின்ஸ் லேபில் நேம் பிளேட் கழன்றுபோன மோட்டார் ஒன்றைக் காட்டி, "இதோட ஜாதகத்தைச் சொல்லு" என்று கேட்டால் என்ன செய்வோம்? மல்டிமீட்டரால் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் பார்ப்போம். லோடு இல்லாமல் ஓடவிட்டு டாக்கோமீட்டர் வைப்போம். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் நிமிஷத்துக்கு 1490 சுற்று காட்டினால் அது நாலு போல் மோட்டார். பெயர் தெரியவில்லை என்று யாரும் குத்துமதிப்பாகக் கனெக்‌ஷன் கொடுப்பதில்லை. நான் இந்த வேலையை ஒரு மிளகாய்ச் செடியிடம் செய்ய வேண்டி வந்தது.

ஆடி மாதம் தள்ளுவண்டியில் நாற்று விற்றவரிடம் வாங்கிய செடி. கறுப்புப் பிளாஸ்டிக் பை, ஒரு கை செம்மண், ஆறு இலை. "என்ன மிளகாய்ண்ணே?" என்றேன். "நல்ல காரமான மிளகாய் தம்பி" என்றார். அவர் தந்த டேட்டா அவ்வளவுதான்.

ஹாஸ்டலுக்குப் பின்னால் கிடந்த பழைய பெயிண்ட் வாளியின் அடியில் நாலு ஓட்டை போட்டேன். செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்பினேன். மிளகாய்க்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கினால் வேர் அழுகிவிடும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவேன். புரட்டாசியில் பொன் உருகக் காயும் என்பார்களே, அந்த வெயிலில் முதல் பூக்கள் எல்லாம் கொட்டின. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மிளகாய்ப் பூ பிடிக்காது. மதியத்துக்கு மட்டும் ஒரு சாக்குப் பந்தல் கட்டினேன். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் நுண்சிலந்தி. என் செடிக்கு வந்தது பேன். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலத்தில் தெளித்ததும் புதுத் துளிர் நேராக வந்தது. ஐப்பசி மழைக்கு வாளியைச் செங்கல் மேல் ஏற்றிவைத்தேன்.

அப்புறம்தான் சோதனை ஆரம்பம். மனிதன் பயிரிடும் மிளகாய் இனங்கள் ஐந்து. இலையைப் பார்த்து அவற்றைப் பிரிப்பது கஷ்டம், பூவைப் பார்த்தால் சுலபம். நாம் அன்றாடம் வாங்கும் சம்பா மிளகாயும், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயும் ஆனுவம் என்ற இனம். அதில் பெரும்பாலும் கணுவுக்கு ஒரு வெள்ளைப் பூதான் இருக்கும். குமரிப் பக்கத்துக் காந்தாரி, ஃப்ரூட்டசென்ஸ் இனம். சின்னச் சின்னக் காய்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். இதழில் மஞ்சள் புள்ளி இருந்தால் பக்கேட்டம். பூ ஊதாவாகவும் விதை கறுப்பாகவும் இருந்தால் பூபெசென்ஸ்.

என் செடியில் ஒரே கணுவில் மூன்று பூக்கள், வெள்ளையில் லேசான பச்சை. புள்ளி இல்லை. காய்கள் கீழே தொங்கின. தோல் சுருக்கம் சுருக்கமாக, நுனி கூராக இருந்தது. காம்பும் புல்லிவட்டமும் சேரும் இடத்தில் நூல் கட்டி இறுக்கியது போல ஒரு வளையம். இத்தனையும் சேர்ந்தால் ஐந்தாவது இனமான சைனென்ஸ்தான். அசாம், நாகாலாந்தின் பூத் ஜோலோகியா அந்த வம்சம். என் செடியின் காய் அச்சு அசல் அதே ஜாடை. 2007-ல் கின்னஸ் ஏறியபோது ஜோலோகியாவின் காரம் 10,01,304 ஸ்கோவில். இந்த அளவுமுறையை ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் 1912-ல் கொண்டுவந்தார். 2023-ல் கின்னஸ் ஏறிய பெப்பர் எக்ஸ் 26 லட்சத்தையும் தாண்டிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. சைனென்ஸ் என்றால் சீனத்தது. ஆனால் அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா! 1776-ல் ஜாக்கின் என்ற தாவரவியலாளர் சீனாவிலிருந்து வந்ததாக நினைத்து வைத்த பெயர், இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்ம "மிளகாய்" மட்டும் என்ன? மிளகுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை, காரத்தைத் தவிர. லேபிள் இருந்தாலும் அதைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மார்கழியில் காய்கள் சிவந்தன. அன்று ராத்திரி எங்கள் பிளாக்கில் பந்தயம் கிளம்பியது. "முழுசா ஒண்ணு தின்னு காட்டுறவனுக்குப் பிரியாணி!" சீனியர்கள் பார்வை ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி மேல் விழுந்தது. சேர்ந்து நாலு மாதமாகியும் யாரோடும் அதிகம் பேசாத பையன். "நான் திங்கறேண்ணா" என்றான். பிரியாணிக்காக அல்ல, கூட்டத்தில் ஒருவனாகச் சேர்வதற்காக என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

நான் காயை வாங்கி, கையில் பாலிதீன் கவரைச் சுற்றிக்கொண்டு, இரண்டாக வெட்டிக் காட்டினேன். காரம் சுரப்பது விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். போட்டிக்காக ஜோலோகியா விழுது தடவிய பர்கரைத் தின்ற அமெரிக்கர் ஒருவருக்கு, வாந்தியின் வேகத்தில் உணவுக்குழாயே கிழிந்துவிட்டது. 2016-ல் மருத்துவ இதழில் வெளியான சங்கதி அது. அதையும் சொன்னேன். "சும்மா பயமுறுத்தாதடா" என்றார் ஒரு சீனியர். சரி என்று அரிசி மணி அளவு துண்டை ஒரு கிண்ணம் தயிரில் நசுக்கிக் கலக்கி, ஆளுக்கு ஸ்பூன் நுனியில் தொட்டு வைக்கச் சொன்னேன். பந்தயம் கட்டியவர்தான் முதலில் மோரைத் தேடி மெஸ்ஸுக்கு ஓடினார். காரத்தின் காப்சைசின் தண்ணீரில் கரையாது, பால், தயிர், மோர்தான் தணிக்கும் என்பதை அதற்குள் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போது தண்ணீர் ஊற்றுவது அவன் பொறுப்பு. மெஸ் மாஸ்டரும் ஒரு குண்டான் குழம்புக்கு ஒரே ஒரு காயை, கீறாமல், மிதக்கவிட்டு எடுத்துவிடுகிறார்.

நன்கு பழுத்த காய்களிலிருந்து விதை எடுத்து நிழலில் உலர்த்தியிருக்கிறோம். வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். முளைக்க இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், பொறுமை வேண்டும். தேனீக்கள் மகரந்தத்தை மாற்றிப்போட்டிருந்தால் பிள்ளை தாயைப் போலவே இருக்காது. அதனால் ஒவ்வொரு கவரிலும் தம்பி கையெழுத்தில் இப்படி இருக்கும்: "இனம்: சைனென்ஸ். ஜாடை: ஜோலோகியா. பூ வந்ததும் நீங்களே சோதித்துக்கொள்ளவும். பந்தயத்துக்கு அல்ல."

— மூன்றாமாண்டு, மின்னியல் பிரிவு