அக்காவின் காலும் அளவு நாடாவும்

போன வாரம் பேரன் வந்திருந்தான். பிசியோதெரபி படிக்கிறவன். இரத்த அழுத்த மாத்திரையால் என் கணுக்கால் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, அசையாம நில்லுங்க" என்றான். ஐபேடை என் காலைச் சுற்றி ஒரு வலம் கொண்டுவந்தான். அதன் முதுகில் தீப்பெட்டி மாதிரி ஒரு கருவி. கை கூடப் படவில்லை. திரையில் என் கால் மட்டும் தனியாக நின்றது. எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே சுற்றளவு எவ்வளவு, மொத்தக் காலின் கன அளவு எத்தனை மில்லிலிட்டர், எல்லாம் சொன்னது.

எனக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் காரைக்காலில் வளர்ந்தவர்கள். அக்காவுக்குப் பதினாலு வயதில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தது. பிறகு இடது கால் வீங்கத் தொடங்கியது. யானைக்கால். கல்யாணப் பேச்சு நின்றுபோனது. எனக்குத் திருச்சியில் எழுத்தர் வேலை கிடைத்ததும் பாலக்கரை வீட்டுக்கு அவளையும் அழைத்து வந்துவிட்டேன். சகாயமாதா கோயிலுக்கு விடியுமுன் போய் விடியுமுன் திரும்பிவிடுவாள். புடவைக் கரை தரையைத் துடைத்துக்கொண்டே வரும்.

1984-ல் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். தினமும் இரண்டு வேளை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துணிக்கட்டுப் போட்டு, தலையணை மேல் காலை உயர்த்தி வைத்துத் தூங்கச் சொன்னார்கள். நர்ஸ் அளவு நாடாவால் அளந்தார்: கெண்டைக்காலில் 43 சென்டிமீட்டர். மூன்று மாதம் அக்கா ஒரு நாள் தவறவில்லை. கால் லேசாக இருப்பதாக அவளே சொன்னாள். மறுபடி போனபோது வேறொரு நர்ஸ் அளந்தார்: 45. "இது இனி இப்படித்தான்" என்றார் டாக்டர். அன்றிரவே துணிக்கட்டுகளைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள். அப்புறம் காய்ச்சலும் புண்ணும் மாறி மாறி வந்தன.

முதல் தடவை அளந்தது காலை எட்டு மணிக்கு. இரண்டாவது, வரிசையில் நின்று நின்று சாயங்காலம் நாலு மணிக்கு. நின்றால் இந்த வீக்கம் ஏறும். மெத்தென்ற சதையில் நாடாவை இழுத்துப் பிடித்தால் ஒரு கணக்கு, தளர விட்டால் ஒரு கணக்கு. அலுவலகத்தில் ஒரு ரூபாய் பேதம் வந்தால் கூட்டலை மூன்று தரம் பார்க்கிற நான், "இன்னொரு தடவை அளந்து பாருங்கள்" என்று கேட்கவில்லை.

நாடாவைவிடத் துல்லியமானது தண்ணீர் முறை. நிறைந்த தொட்டியில் காலை இறக்கி, வழிகிற நீரை அளப்பது. பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் 'அர்ஷிமேத்' என்று சொல்லித் தந்த அதே ஆர்க்கிமிடீஸ்தான். ஆனால் காலில் புண் உள்ளவரை எப்படித் தொட்டியில் இறக்குவது?

பேரனின் கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் புள்ளிப் புள்ளியாகக் காலின் மேல் வீசுகிறது. வளைவுக்கு ஏற்பப் புள்ளிகள் இடம் மாறி விழும். அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு உருவத்தைக் கட்டிவிடுகிறது. இலங்கையில் காலியில் யானைக்கால் நோயாளிகளிடம் இதைப் பரிசோதித்து 2017-ல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். தண்ணீர் முறையோடும் நாடாவோடும் ஒப்பிட்டதில் அளவுகள் நன்றாகப் பொருந்தியிருக்கின்றன. யார் பிடித்தாலும் கை இறுக்கத்தால் அளவு மாறாது. சாயங்கால வீக்கத்தை மட்டும் இதனாலும் தடுக்க முடியாது. ஒரே நேரத்தில்தான் அளக்க வேண்டும்.

"தொடவே வேண்டாம், அதுதான் தாத்தா இதுல விசேஷம்" என்றான்.

அவனிடம் அந்த முதல் நர்ஸைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து, அக்காவின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டுதான் நாடாவைச் சுற்றினார். வீட்டில் நாங்களே அந்தக் காலைத் தொட்டதில்லை. என் மனைவி கூடத் தண்ணீரை ஊற்றுவாளே தவிரக் கை வைக்க மாட்டாள். அளவு என்ன வந்தது என்பதை அக்கா பஸ்ஸிலேயே மறந்துவிட்டாள். மடியில் வைத்ததை மட்டும் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேரன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஐபேடைக் கீழே வைத்துவிட்டு, என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து விட்டான். குழி விழுந்தது. அது எத்தனை நேரத்தில் நிரம்புகிறது என்று பார்க்க வேண்டுமாம். அதைக் கருவியால் பார்க்க முடியாதாம்.